வெயிலும் தோலும் ஒரு கிராம் களிம்பும்

மேற்கையின் உட்புறத் தோலுக்கும் புறங்கைத் தோலுக்கும் ஒரே வயது. இரண்டுக்கும் ஓடுவது ஒரே இரத்தம், கிடைப்பது ஒரே சாப்பாடு. ஆனாலும் ஐம்பதைத் தாண்டிய ஒருவரின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் இரண்டும் ஒரே ஆளின் தோல் என்று நம்புவது சிரமம். உட்புறம் வழவழப்பாகவும் சீரான நிறத்தோடும் இருக்கும். கிள்ளிவிட்டால் உடனே படிந்துவிடும். புறங்கை கருத்து, சுருங்கி, அங்கங்கே பழுப்புப் புள்ளிகள் விழுந்து, கிள்ளிய இடம் மெல்ல மெல்லத்தான் பழைய நிலைக்கு வரும். இந்த வேறுபாட்டை உண்டாக்கியது வயதல்ல, வெயில். தோல் மருத்துவத்தில் இதற்கு ஒளிமூப்பு என்று பெயர். வயதால் வரும் மூப்பை நிறுத்த வழியில்லை. ஒளிமூப்பைப் பெரிய அளவில் தள்ளிப்போட முடியும். அதற்கு இன்று கைக்கெட்டும் வழிகளில் ஒன்று சன்ஸ்கிரீன் எனப்படும் வெயில் காப்புக் களிம்பு.

தமிழ்நாட்டு வீடுகளுக்குள் இந்தக் களிம்பு விளம்பரம் வழியாகத்தான் நுழைந்தது. கடற்கரையில் படுத்திருக்கும் வெள்ளைத் தோல்காரருக்கு உரியது என்றோ, முகத்தை வெளுப்பாக்கும் பூச்சுகளில் இன்னொன்று என்றோதான் பலரும் இதை எண்ணுகிறார்கள். இரண்டும் தவறு. மாநிறத் தோலுக்கும் கருந்தோலுக்கும் சன்ஸ்கிரீன் பயன்படும். ஆனால் அந்தப் பயன் வெள்ளைத் தோலுக்குக் கிடைக்கும் அதே பயன் அல்ல. வாங்கும்போது பார்க்க வேண்டியவையும் வேறு.

தரைக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி அகச்சிவப்புக் கதிர். அது சூடாக உணரப்படும். மீதியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் ஒளி. புற ஊதாக் கதிரின் பங்கு சுமார் 5 சதவீதம்தான். 1801-ல் ஜெர்மானிய அறிஞர் யோகான் வில்ஹெல்ம் ரிட்டர், முப்பட்டகத்தில் பிரிந்து விழுந்த நிறமாலையின் மீது சில்வர் குளோரைடை வைத்துப் பார்த்தார். ஊதா நிறத்துக்கும் அப்பால், வெளிச்சமே தெரியாத இடத்தில்தான் அது மற்ற இடங்களைவிட வேகமாகக் கருத்தது. கண்ணுக்கும் தெரியாமல் சூடாகவும் உறைக்காமல் ஒரு கதிர் பொருளை மாற்றுகிறது என்பது அன்று தெரியவந்தது. தோல் விஷயத்தில் மக்கள் இன்றும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். உடம்பு சூட்டை வைத்தே வெயிலை அளக்கிறது. தோலைக் கெடுக்கும் கதிருக்கோ சூடு கிடையாது.

புற ஊதாக் கதிரில் மூன்று வகை உண்டு. மிகக் கொடிய சி வகையை வளிமண்டலம் முழுவதுமாக வடிகட்டிவிடுகிறது. பி வகையில் பெரும்பகுதியை ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. தப்பி வரும் மிச்சம் உச்சிவேளையில் உக்கிரமாக இருக்கும். தோலின் மேலடுக்கைப் பொசுக்கும். சன்னல் கண்ணாடியைத் தாண்டாது. தரையை அடையும் புற ஊதாக் கதிரில் சுமார் 95 சதவீதம் ஏ வகை. அது காலை முதல் மாலை வரை இருக்கும், மெல்லிய மேகத்தையும் சாதாரணக் கண்ணாடியையும் தாண்டும், மேல்தோலைக் கடந்து அடித்தோல் வரை இறங்கும். எரிச்சலோ சிவப்போ உடனே தெரியாது என்பதால் இதன் வேலையைத் தோல் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் தாங்குகிறது.

பி வகைக் கதிர் தோல் செல்லின் டி.என்.ஏ. இழையில் படும்போது அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. செல்லுக்குள் இருக்கும் பழுது பார்க்கும் நொதிகள் அந்த முடிச்சுகளை வெட்டி எடுத்துச் சரிசெய்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் பிடித்துவிட முடிவதில்லை. தப்பிய பிழைகள் ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறக்கூடும். டி.என்.ஏ. அடிபட்டதும் செல்லிலிருந்து ஒரு செய்தி போகிறது. பக்கத்தில் இருக்கும் நிறமிச் செல்கள் மெலனின் என்ற நிறமியைச் சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டி அண்டைச் செல்களுக்குக் கொடுக்கின்றன. அந்தப் பொட்டலங்கள் செல்லுக்குள் சிதறிக் கிடப்பதில்லை. உட்கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாகத் திரண்டு, அதற்குக் குடை பிடித்ததுபோல் கவிந்துகொள்கின்றன. நுண்ணோக்கியில் இந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்குக் கருமை என்பது குறை என்ற எண்ணமே வராது. வெயிலில் தோல் கருப்பது உள்ளே இருக்கும் மரபணுவைக் காக்க உடம்பு எடுக்கும் முயற்சி. அதே சமயம், அடி விழுந்த பிறகுதான் அந்தக் குடை விரிகிறது என்பதையும் மறக்கக் கூடாது. நிழலுக்கு வந்த பிறகும் மூன்று மணி நேரத்துக்கு மேல் டி.என்.ஏ. பழுது தொடர்வதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். அதில் மெலனினுக்கே ஒரு பங்கு இருக்கிறது என்பது பலருக்கும் வியப்பளித்தது.

ஏ வகைக் கதிரின் பாதிப்பு இன்னும் ஆழத்தில். அடித்தோலில் கொலாஜன், எலாஸ்டின் ஆகிய இழைகள் கயிற்றுக் கட்டில்போலப் பின்னித் தோலைத் தாங்குகின்றன. கதிர் பட்டதும் கொலாஜனை அறுக்கும் நொதிகள் சுரக்கின்றன. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் அறுபடுகிறது, கொஞ்சம் முடிச்சுப் போடப்படுகிறது. முடிச்சு ஒவ்வொரு முறையும் பழையபடி அமைவதில்லை. கட்டில் தொய்வது இப்படித்தான்.

இதை ஒரே படத்தில் காட்டியது 2012-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒரு புகைப்படம். 69 வயதான அமெரிக்க லாரி ஓட்டுநர் ஒருவரின் முகம் அது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். அமெரிக்க வண்டிகளில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் என்பதால் சன்னல் கண்ணாடி வழியே வந்த வெயில் இடக் கன்னத்திலேயே விழுந்திருக்கிறது. வலப்பாதி முகம் வயதுக்கேற்ற சுருக்கத்தோடு இருக்க, இடப்பாதி தடித்து, ஆழமான மடிப்புகள் விழுந்து, இருபது வயது மூத்த வேறொருவரின் முகம்போலத் தொங்குகிறது. கண்ணாடியால் பி வகைக் கதிர் உள்ளே வந்திருக்க முடியாது. ஏ வகை மட்டுமே செய்த வேலை அது. இந்தியாவிலும் இலங்கையிலும் பேருந்தோ வாடகைக் காரோ ஓட்டுகிறவர்களுக்கு வெயில் வலக்கையிலும் வலக் கன்னத்திலும் விழும்.

வெள்ளைத் தோலிலும் கருந்தோலிலும் நிறமிச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். மெலனின் பொட்டலங்களின் அளவும், அவை செல்லுக்குள் பரவியிருக்கும் விதமுமே நிறத்தைத் தீர்மானிக்கின்றன. 1979-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, வெள்ளையரின் மேல்தோலும் கறுப்பினத்தவரின் மேல்தோலும் எவ்வளவு கதிரைக் கடக்க விடுகின்றன என்று அளந்தது. பி வகையில் வெள்ளையர் தோல் சுமார் 24 சதவீதத்தையும் கறுப்பினத்தவர் தோல் சுமார் 7 சதவீதத்தையும் உள்ளே விட்டன. ஏ வகையில் அது 55 சதவீதமும் 17.5 சதவீதமுமாக இருந்தது. களிம்பு உறையில் எஸ்.பி.எஃப். என்று போடும் காப்பு எண்ணின் கணக்கில் சொன்னால் கருந்தோலுக்கு 13 அளவிலான காப்பு பிறவியிலேயே அமைந்திருக்கிறது. தமிழர்களின் தோல் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கேனும் இருக்கும். இயற்கை கொடுத்த குடை நல்ல குடைதான். ஆனால் ஓட்டையில்லாத குடை அல்ல.

தோல் புற்றுநோய் இந்தியாவில் அரிது. கருந்தோலில் வரும் மெலனோமா என்ற கொடிய வகையும் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்தடியிலோ தோன்றுகிறது. அங்கே வெயிலுக்கு வேலையில்லை. ஆகவே புற்றுநோய் வரும் என்று பயமுறுத்தி மாநிறத் தோல்காரரிடம் களிம்பை விற்பது நேர்மையாகாது. அவர்களுக்கு வெயிலால் வரும் நிஜமான தொல்லை நிறமிக் கோளாறு. கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் படரும் மங்கு, பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் தங்கும் கறுப்பு, அம்மையோ கொசுக்கடியோ விட்டுப்போகும் தழும்பின் கருமை, முகத்தில் திட்டுத்திட்டாக மாறும் நிறம் எல்லாம் இதில் சேரும். தோல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் இவற்றோடு உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். மங்குக்கு எத்தனை களிம்பு எழுதிக் கொடுத்தாலும் வெயில் காப்பு இல்லாவிட்டால் குணமானது திரும்பி வந்துவிடும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளி, முக்கியமாக அதன் நீலப் பகுதி, மாநிறத் தோலையும் கருந்தோலையும் கருக்கச் செய்கிறது. அந்தக் கருமை ஏ வகைக் கதிரால் வருவதைவிட அடர்த்தியாகவும் நீண்ட நாளும் நிற்பதாக 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஒளி மிக வெளுத்த தோலில் அப்படி எதையும் செய்யவில்லை. வெள்ளைத் தோலை மனத்தில் வைத்துத் தயாரான சாதாரண சன்ஸ்கிரீன் இந்த ஒளியைத் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்சைடு என்ற இரும்புச் சாயம் கலந்த, லேசான தோல் நிறத்தில் இருக்கும் களிம்புதான் தடுக்கும். கடைகளில் அது டின்ட்டட் சன்ஸ்கிரீன் என்ற பெயரில் கிடைக்கிறது. மெக்சிகோவில் மங்கு உள்ளவர்களிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், சிகிச்சையோடு இரும்புச் சாயக் களிம்பைப் பூசியவர்களுக்கு, வெறும் புற ஊதாக் காப்புக் களிம்பைப் பூசியவர்களைவிடக் கூடுதலாகக் குணம் தெரிந்தது.

சன்ஸ்கிரீன் தினமும் பூசினால் என்ன ஆகும் என்பதற்கு உலகில் இருக்கும் மிக வலுவான சான்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், நாம்பூர் என்ற சிற்றூரில் கிடைத்தது. 1992-ல் அங்கே 1,621 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதியினர் தினமும் காலையில் தலை, கழுத்து, கைகளில் களிம்பு பூச வேண்டும். மறுபாதியினர் வழக்கம்போல, தோன்றினால் பூசலாம். பயனில்லாத போலிக் களிம்பை ஒரு பாதிக்குக் கொடுத்து அந்த ஊர் வெயிலில் விடுவது அநியாயம் என்பதால் இப்படி வகுத்தார்கள். பூசினேன் என்ற வாய்ச் சொல்லை மட்டும் நம்பவில்லை. கொடுத்த களிம்புப் புட்டிகளைத் திரும்ப வாங்கித் தராசில் வைத்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தார்கள். புறங்கையில் சிலிக்கான் பசையைத் தடவி அச்செடுத்து, தோலின் நுண்ணிய வரிகள் எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்று ஆரம்பத்திலும் முடிவிலும் ஒப்பிட்டார்கள்.

நாலரை ஆண்டுகளில் தினமும் பூசியவர்களிடம் செதிள்செல் புற்றுக் கட்டிகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. அடிச்செல் புற்றில் தெளிவான வேறுபாடு இல்லை. 55 வயதுக்குட்பட்ட 903 பேரின் அச்சுகளை ஒப்பிட்டு 2013-ல் வெளியிட்ட முடிவின்படி, தினமும் பூசியவர்களின் தோல் மூப்பு மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவு. அவர்கள் தோலில் அந்த நாலரை ஆண்டுகளில் புதிதாக மூப்பே கூடியதாகத் தெரியவில்லை. ஆய்வு முடிந்து பத்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது மெலனோமா தினமும் பூசியவர்களில் 11 பேருக்கும் மற்றவர்களில் 22 பேருக்கும் வந்திருந்தது. அதே ஆய்வில் பீட்டா கரோட்டின் மாத்திரையையும் சோதித்தார்கள். தோலுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. அழகு மாத்திரைகளுக்குப் பணம் செலவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்தக் களிம்பின் எஸ்.பி.எஃப். 50 அல்ல, வெறும் 16. எண் சிறியது, பூசியது தினமும்.

நாம்பூர்க்காரர்கள் வெள்ளையர்கள். மாநிறத் தோலுக்கு நெருக்கமான சான்று மொராக்கோவில் கிடைக்கிறது. 2007-ல் வெளியான அந்த ஆய்வில் கர்ப்பிணிப் பெண்கள் 200 பேருக்கு எஸ்.பி.எஃப். 50-க்கு மேற்பட்ட களிம்பைக் கொடுத்துப் பூசச் சொன்னார்கள். கடைசிவரை தொடர்ந்த 185 பேரில் 5 பேருக்கு மட்டுமே புதிதாக மங்கு வந்தது. கர்ப்பகாலத்தில் மங்கு எவ்வளவு சகஜம் என்று அறிந்தவர்களுக்கு இது மிகக் குறைவு. களிம்பு பூசாத பெண்களை அருகருகே வைத்து ஒப்பிடவில்லை என்பது அந்த ஆய்வின் குறை. ஆனாலும் மாநிறப் பெண்களிடம் எதைத் தேட வேண்டும் என்பதை அது சரியாகத் தேர்ந்துகொண்டது.

களிம்பின் உறையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. ஆஸ்திரிய வேதியியலாளர் ஃபிரான்ஸ் கிரைட்டர், பிட்ஸ் புயின் என்ற ஆல்ப்ஸ் சிகரத்தில் ஏறும்போது வெயிலில் வெந்துபோனதால் 1946-ல் ஒரு களிம்பைத் தயாரித்தார் என்பார்கள். எஸ்.பி.எஃப். என்ற அளவையைப் பரப்பியவரும் அவரே. 1978-ல் அமெரிக்க அரசு அதை ஏற்றது. தன்னார்வலரின் முதுகில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் களிம்பைத் தடவி, விளக்கொளி பாய்ச்சி, தோல் சிவக்க எத்தனை மடங்கு கூடுதல் கதிர் தேவைப்படுகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. சிவப்பு தெரிய வேண்டும் என்பதால் வெளிர் நிறத் தோல் உள்ளவர்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக எஸ்.பி.எஃப். என்பது வெள்ளைத் தோல் சிவப்பதைக் கொண்டு பி வகைக் கதிரை முதன்மையாக அளக்கும் எண்.

எஸ்.பி.எஃப். 15 அந்தக் கதிரில் பதினைந்தில் ஒரு பங்கை உள்ளே விடும், 30 முப்பதில் ஒரு பங்கை, 50 ஐம்பதில் ஒரு பங்கை. சதவீதத்தில் முறையே 93, 97, 98 தடுக்கப்படும். 30-க்கு மேல் போவது வீண் என்று சிலர் சொல்வதற்கு இந்தச் சதவீதங்கள்தான் காரணம். ஆனால் தோலைச் சேர்வது தடுக்கப்பட்ட கதிர் அல்ல, தப்பி வந்த கதிர். அது 30-ல் 3.3 சதவீதம், 50-ல் 2 சதவீதம். தினமும் என்று பார்த்தால் அந்த வித்தியாசம் சிறிதல்ல. எஸ்.பி.எஃப். 30 பூசினால் முப்பது மடங்கு நேரம் வெயிலில் நிற்கலாம் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. வியர்வை வழியும், துண்டு துடைக்கும், மதியக் கதிரின் வேகம் காலையில் இருந்ததாக இருக்காது.

ஏ வகைக் கதிருக்கான காப்பை ஆசியக் களிம்புகளில் பி.ஏ. என்ற குறி சொல்லும். ஜப்பானில் 1990-களில் பிறந்த முறை இது. கூட்டல் குறி கூடக்கூடக் காப்பு அதிகம். நான்கு குறிகள் உச்சம். மங்குக்கோ பருத் தழும்புக்கோ வாங்குகிறவர்கள் எஸ்.பி.எஃப். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், பி.ஏ. மூன்று அல்லது நான்கு கூட்டல் குறிகளோடு, முடிந்தால் நிறம் கலந்ததாக வாங்குவது மாநிறத் தோலுக்கு ஏற்றது. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு கலந்தவை எரிச்சல் தராதவை. ஆனால் கருந்தோலில் சாம்பல் பூத்ததுபோல் வெளுப்புத் தட்டும். அவோபென்சோன் போன்ற கரிமச் சேர்மங்கள் கலந்தவை தோலில் சட்டென்று மறைந்துவிடும்; சிலருக்குக் கண் எரியும். புழுக்கமான ஊர்களில் எண்ணெய் வழியும் முகத்துக்கு ஜெல் வகை ஒத்துக்கொள்ளும். எந்த வகையாக இருந்தாலும் முகத்துக்குப் பிடித்ததே நல்லது, ஏனென்றால் பிடிக்காத களிம்பு மேசையிலேயே இருந்துவிடும்.

உறையில் போட்ட எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் சன்ஸ்கிரீன் மருந்தாகவும் இந்தியாவில் அழகுசாதனப் பொருளாகவும் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. கண்டிப்பான விதிகள் உள்ள ஆஸ்திரேலியாவிலேயே 2025-ல் சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 20 களிம்புகளைச் சோதித்தபோது 16 களிம்புகள் உறையில் போட்ட எண்ணை எட்டவில்லை. இந்தியாவிலும் அப்படிப்பட்ட சோதனைகள் வெளிப்படையாக, அடிக்கடி நடக்க வேண்டும்.

ஆனால் எண் பொய்க்கும் இடம் பெரும்பாலும் தொழிற்சாலையல்ல, உள்ளங்கை. சோதனையில் பூசுவது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம். வீட்டில் மக்கள் பூசுவது அதில் கால்வாசியிலிருந்து பாதி வரை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அளவு குறைந்தால் காப்பும் கூடவே சரியும். முகத்துக்கும் கழுத்துக்கும் தேவைப்படுவது சுமார் ஒரு கிராம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை ஒரு கோடு பிதுக்கினால் அந்த அளவு வரும். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு இவ்வளவா என்று இருக்கும். 50 கிராம் டியூபை நாளுக்கு ஒருமுறை இந்த அளவில் பூசினால் ஐம்பது நாளில் தீர வேண்டும். மதியம் இன்னொரு முறை பூசினால் இருபத்தைந்து நாள். ஒரு டியூப் ஆறு மாதம் வருகிறது என்றால் உறையில் 50 என்று எழுதியிருப்பதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது என்று கொள்ளலாம். எஸ்.பி.எஃப். உள்ள பவுடரோ முகப்பூச்சோ தனியாகப் போதாது என்பதற்கும் இதுதான் காரணம். அந்த அளவு பவுடரை யாரும் அப்பிக்கொள்ள மாட்டார்கள்.

வெளியே கிளம்புவதற்கு 15, 20 நிமிடம் முன்பே பூசிவிடுவது நல்லது. காது மடல், பிடரி, கண்ணோரம், புறங்கை இவைதான் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். வெயிலிலேயே இருப்பவர்கள் இரண்டு மணிக்கொரு முறை மறுபடி பூச வேண்டும். காலையில் பூசி அலுவலகத்துக்குள் உட்கார்ந்துவிடுகிறவர்களுக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டாம். மதியம் வெளியே போகுமுன் ஒருமுறை போதும். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் இருக்கைப் பெட்டியிலும் காரின் முன்பலகையிலும் டியூபைப் போட்டு வைத்தால் சூட்டில் களிம்பு பிரிந்து கெட்டுவிடும்.

புற ஊதாக் குறியீடு என்ற அளவு 3-ஐத் தொட்டால் காப்பு தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தமிழ்நாட்டில் கோடை உச்சியில் அது 11-ஐத் தாண்டும்; மார்கழியிலும் நண்பகலில் 3-க்கு வெகு மேலேயே நிற்கும். கத்திரி முடிந்தால் வெயிலும் முடிந்தது என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்னையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வருவது ஆண்டுக்கு இருமுறை: ஏப்ரல் கடைசியில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் மறுமுறை. ஆடிக் காற்றும் மேகமும் சூட்டைக் குறைத்தாலும் மேகம் விலகிய நேரத்தில் கதிரின் வேகம் சித்திரைக்குக் குறைவில்லை. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். 2,000 மீட்டருக்கு மேலிருக்கும் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இதமாக இருக்கிறதே என்று நாளெல்லாம் வெயில் காய்ந்தவர்கள் கருத்துத் திரும்புவது இதனால்தான். குறியீட்டைப் பார்க்க வசதியில்லாவிட்டால் நிழலைப் பார்க்கலாம். நிழல் ஆளைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் கதிர் கடுமையான நேரம்.

சன்ஸ்கிரீன் பூசினால் வைட்டமின் டி குறைந்துவிடுமா என்ற கேள்வி நியாயமானது. இந்திய நகரங்களில் அந்தக் குறைபாடு ஏற்கெனவே பரவலாக இருக்கிறது. ஆனால் நடைமுறையில் களிம்பு பூசுகிறவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் பெரிய சரிவு தெரியவில்லை. முகத்தில் பூசினாலும் கைகால்களில் வெயில் படத்தான் செய்கிறது. குறைபாடு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் மாத்திரையால் அதைச் சரிசெய்யலாம். அதற்காக மங்கு உள்ள முகத்தை வெயிலில் காட்ட வேண்டியதில்லை. சில கரிமச் சேர்மங்கள் சிறிதளவு இரத்தத்தில் கலப்பதை அமெரிக்க மருந்து நிர்வாக அமைப்பே கண்டறிந்தது. அதற்காகப் பூசுவதை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னது. மனத்தில் உறுத்தல் இருப்பவர்களுக்குத் துத்தநாகக் களிம்பு இருக்கிறது. பவளப்பாறைகளைக் கெடுக்கலாம் என்ற கவலையால் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்தவற்றின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடுத்துவிட்டது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் களிம்பு வேண்டாம். நிழலும் துணியும் போதும்.

சிலருக்கு இது அழகு சார்ந்த தேர்வே அல்ல. பருவுக்குத் தரும் டாக்சிசைக்ளின், இரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற மாத்திரைகள் வெயிலில் தோலைத் தடிக்கச் செய்யும். லூபஸ் நோய் உள்ளவர்களுக்கு வெயில் நோயையே கிளறிவிடும். வெண்புள்ளி உள்ள இடங்களில் நிறமிக் குடையே இல்லை. பிறவியிலேயே நிறமி அற்றவர்களின் நிலை எல்லாவற்றிலும் கடினம். தான்சானியாவில் அவர்கள் இளவயதிலேயே தோல் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். அங்கே மோஷி நகரின் கிளிமஞ்சாரோ கிறிஸ்தவ மருத்துவ மையத்தில் கிலிசன் என்ற களிம்பை உள்ளூரிலேயே தயாரித்து அவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஒரு டியூப் களிம்பு ஓர் உயிரைத் தாங்கும் இடம் அது.

மஞ்சள், சந்தனம், தேங்காய் எண்ணெய், கற்றாழை எதுவும் இந்த வேலையைச் செய்யாது. தோலுக்கு இதம் தருவது வேறு, கதிரைத் தடுப்பது வேறு. சன்ஸ்கிரீனும் யாரையும் சிவப்பாக்காது. அவரவருக்குப் பிறவியில் வாய்த்த நிறம் மேற்கையின் உட்புறத்தில் இருக்கிறது. வெயிலால் அதற்கு மேல் ஏறும் கருமையையும் திட்டுகளையுமே களிம்பு தடுக்கும். வெளுப்பு என்ற ஆசையைக் காட்டி இதை விற்பவர்கள் உட்கரு மேல் கவியும் அந்தக் குடையை அவமதிக்கிறார்கள்.

சில நூறு ரூபாய் விலையுள்ள டியூபை மாதம் ஒன்றாகத் தீர்ப்பது எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. நாளெல்லாம் வியர்வையில் நனையும் உடம்பில் களிம்பு நிற்கவும் நிற்காது. துணி நிற்கும். நெருக்கமாக நெய்த, அடர்ந்த நிறமுள்ள துணி கதிரை நன்றாகத் தடுக்கும். மெல்லிய வெள்ளைப் பருத்தி குறைவாகத் தடுக்கும், நனைந்தால் இன்னும் குறையும். நடவு வயலிலும் நூறு நாள் வேலையிலும் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றி, அதன் முனையைப் பிடரியில் தொங்கவிட்டு வேலை செய்யும் பெண்களை ஊர்தோறும் பார்க்கலாம். எந்தத் தோல் மருத்துவரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை அந்தச் சட்டை தரும் காப்பு எந்த டியூபிலும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது. அதற்கு வெளியே மிஞ்சுவது மூக்கும் கன்னமேடும் புறங்கையும். களிம்பு தேவைப்படுவது அங்கேதான்.